கடுக்காய் சேர்க்காத சிவப்பு

ஈரத்துணியால் இறந்துபோன அக்காவின் நெற்றியையும் கன்னத்தையும் துடைத்துக்கொண்டு வந்த தம்பி, கீழுதட்டுக்கு வந்ததும் கையை நிறுத்தினார். உதட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. துணியால் ஒற்றிப் பார்த்தார், வரவில்லை. நகத்தால் கிள்ளி எடுத்துச் சட்டையில் தேய்த்துக்கொண்டார். கம்பளிப் பிசிறுதான். ஆயுசு முழுக்க நூலோடு கிடந்தவள் வாயில் வேறு என்ன ஒட்டும் என்று நினைத்தபடி, துணியைப் பிழிந்து கழுத்தைத் துடைக்கப் போனார்.

"போதும் மாமா. நான் பாத்துக்கறேன்" என்றாள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்த அக்கா மகள். அவள் பார்வை அவருடைய கையின் மேல் இருந்தது.

கை மணிக்கட்டு வரை சிவப்பாக இருந்தது. அது என்றைக்கும் இருப்பதுதான். வேரையும் பட்டையையும் காய்ச்சி நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவருக்கு மணிக்கட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம். தெருவில் அவருக்குச் சிவப்புக்கையர் என்றே பெயர். விசேஷ வீடுகளில் அவர் கைகுலுக்கிவிட்டுப் போனால் எதிராளி ரகசியமாகத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். இன்றைக்கு அந்தக் கை வெள்ளைத் தலையணையின் மேல் என்னவோ செய்துவிட்டு வந்த கை மாதிரி இருந்தது. அவர் துணியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

அக்கா விடிகிற நேரத்தில் போயிருக்கிறாள். அத்தான் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து எழுப்பியிருக்கிறார். எழவில்லை. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். மகள் வந்து பார்க்கும்வரை அவர் யாரையும் கூப்பிடவில்லை. அந்த டம்ளர் இன்னும் ஜன்னலிலேயே இருந்தது. அதை எடுத்துக் கொட்ட யாருக்கும் கை வரவில்லை.

சாயங்காலத்துக்குள் வண்டி வந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். மகள் அம்மாவின் தலைமுடியை வாரி, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து, ஒரு எட்டு பின்னால் போய்ப் பார்த்தாள். பிறகு மாமாவிடம், அம்மா கடைசியாகப் பின்னிய துணி எங்கே என்று கேட்டாள்.

"தொட்டியில கிடக்கு. படிகாரத் தண்ணியில ஊறுது."

"பிழிஞ்சு எடுத்துட்டு வாங்க. அவங்க மேல போர்த்தணும். வெள்ளையாத்தானே இருக்கு, அதுவே சரியா இருக்கும். அவங்களோடயே போகட்டும்."

"அது இன்னும் முடியலம்மா. சாயம் ஏறணும்."

அவள் முகம் மாறியது. அவளுடைய சின்ன வயதிலிருந்து அவர் பார்த்துவரும் முகம் அது. பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையிலிருந்து கூட்டத்தில் அம்மாவைத் தேடிய முகம்.

அக்கா பின்னுவாள், தம்பி சாயம் போடுவார். இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை பெரிய பெரிய மண்டபங்களில் சுவர்த்துணியாகத் தொங்கியிருக்கிறது. மற்றவர்கள் சாயம் போட்ட நூலை வாங்கிப் பின்னுவார்கள். அக்கா செய்வது தலைகீழ். முழுவதையும் வெள்ளை நூலிலேயே பின்னுவாள், கம்பளியும் பருத்தியும் கலந்து. முடித்துக் கையில் கொடுக்கும்போது அது வெறும் வெள்ளைத் துணி, அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிற தம்பிக்கும் தெரியாது. சாயவேர் காய்ச்சிய தண்ணீரில் இறக்கினால் கம்பளி சிவப்பை மடமடவென்று குடித்து ரத்தச் சிவப்பாகும். பருத்தி மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு வெளிறி நிற்கும். அப்போதுதான் உள்ளே இருக்கும் உருவம் எழுந்து வரும். பருத்தியும் நன்றாகச் சிவக்க வேண்டுமானால் முதலில் கடுக்காய்த் தண்ணீர் காட்ட வேண்டும். அக்கா தன் துணிகளுக்கு அதை மட்டும் விடவே மாட்டாள். கடுக்காய் டப்பாவை அவர் திறந்தாலே வீட்டுக்குள்ளிருந்தே அவளுக்கு மூக்கில் ஏறும்.

இந்தக் கடைசித் துணியை இரண்டு வருஷமாகப் பின்னினாள். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. என்ன உருவம் என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை. பாதியில் நோய் வந்தது. மருந்து ஏற்ற ஏற்ற விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. கண்ணில் வேறு திரை விழுந்திருந்தது. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் நாற்காலிக்கு இடப்பக்கம் ஒரு கூடையும் வலப்பக்கம் ஒரு கூடையும் வைத்துக்கொண்டாள். இடது கம்பளி, வலது பருத்தி. கண்ணும் விரலும் இல்லாமலே கை கூடைக்குப் போய்ப் போய் வந்தது. போன வாரம் கடைசி வரிசையை முடித்துத் தம்பியின் கையில் கொடுத்து, "சீக்கிரம் போடுடா, நான் பாக்கணும்" என்றாள். படிகாரத்தில் நாலு நாள் ஊறினால்தான் சாயம் பிடிக்கும் என்று அவர் சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் சாயம் போட்டுவிட்டால் அவளுக்குக் காத்திருக்க ஒன்றும் இருக்காதே என்று இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளியதும் உண்மை. அவள் கை மட்டும் சும்மா இருக்கவில்லை, நேற்று ராத்திரிவரை மிச்ச நூலை ஊசியில் போட்டுப் பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தது.

"அதுல அவ என்ன பின்னியிருக்கான்னு ஒரு தடவையாவது பாத்துடலாம்" என்றார். "அப்புறம் போர்த்திடு. வண்டி வர்றதுக்குள்ள நான் முடிச்சிடறேன்."

"உங்க ரெண்டு பேருக்கும் அதுதான் எப்பவும் முக்கியம்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "போடுங்க. செவப்போ வெள்ளையோ, அது அவங்களோடதான் போகுது. அதை மாட்டி வச்சு நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. நான் வந்து நாலு மாசம் ஆச்சு மாமா. வேலைக்கு லீவு போட்டு வந்தேன். வந்த அன்னைக்கு இந்த ரூமையே தலைகீழா பெருக்கித் தொடச்சேன். கூடையெல்லாம் கழுவிக் காயவச்சு அடுக்கினேன். 'வந்துட்டியா'ன்னு ஒரு வார்த்தை இல்ல. நூலை எடுத்து உதட்டுல வச்சுப் பாத்தாங்க, தனக்குத் தானே சிரிச்சாங்க, மறுபடி பின்ன ஆரம்பிச்சுட்டாங்க. நான் வந்ததும் அவங்களுக்கு ஒண்ணுதான், வராததும் ஒண்ணுதான்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவள் கல்யாணத்தன்று பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து எல்லோரும் படியிறங்கும்போதுதான் அக்கா படியேறி வந்தாள். ஒரு மண்டபத்துக்குத் துணி அனுப்ப வேண்டிய நாள் அது. ஆள்காட்டி விரலில் நூல் சுற்றியபடியே இருந்தது. அன்றைக்குப் போன பெண் அதற்குப் பிறகு போனில் மட்டும்தான் வந்தாள். அக்கா ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தன் நாற்காலியை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி, கூடத்தைத் தாண்டி வாசல்கதவு நேரே தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்டாள். அத்தான் சாத்தப் போனால், "கதவைச் சாத்தாதீங்க, காத்து வரட்டும்" என்பாள். குளிர்காலத்திலும் அதையே சொல்வாள்.

சாயக்கொட்டகை வீட்டுக்குப் பின்புறம் இருந்தது. தகரக் கூரை. சுவரெல்லாம் தெறித்துக் காய்ந்த நிறங்கள். பெரிய எவர்சில்வர் அண்டாவில் நேற்றே வேரைப் போட்டு ஊறவைத்திருந்தார். அடுப்பைப் பற்றவைத்த சத்தம் கேட்டதுமே பக்கத்து வீட்டு டீச்சர் கொல்லைச் சுவருக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய் யாரிடமோ சொன்னது இங்கேவரை கேட்டது.

"வீட்ல அக்கா கிடக்கறா. இந்த மனுஷன் சட்டி பானையை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்."

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அவர் அண்டாவைக்கூட மூடவில்லை. மூடினால் சூடு ஏறிவிடும். வேர்ச்சாயம் கொதிக்கக் கூடாது. கொதித்தால் சிவப்பு செத்துக் காவியாகிவிடும், கம்பளியும் சுருங்கித் தோலாகிவிடும். கையை விட்டால் பொறுக்க முடிய வேண்டும், ஆனால் ரொம்ப நேரம் பொறுக்க முடியக் கூடாது. அதுதான் பதம்.

படிகாரத் தொட்டியிலிருந்து துணியைத் தூக்கினார். தண்ணீர் குடித்த துணி ஒரு ஆளின் கனம் கனத்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க முடிந்தது. காலையில் அக்காவைக் கட்டிலில் நேராக்கிப் படுக்கவைக்க அவரும் அத்தானும் தூக்கியபோது அவள் இந்தக் கனம்கூட இல்லை. சட்டையெல்லாம் நனைந்து மார்பு சில்லிட்டது. மெல்ல அண்டாவுக்குள் இறக்கினார்.

துணி மூழ்க மறுத்தது. உள்ளே காற்று சிக்கிக்கொண்டு நடுவில் உப்பியது. கோலால் அழுத்தினார், வேறு பக்கம் உப்பியது. மூச்சு விடுகிற மாதிரி மேலே எழும்பித் தணிந்தது. எத்தனையோ துணி இறக்கியிருக்கிறார், எல்லாம் இப்படித்தான் செய்யும். ஆனாலும் இன்றைக்கு அவர் கோலைச் சட்டென்று மேலே எடுத்துவிட்டார்.

"அடங்கு" என்றார் துணியிடம். "அடங்குடி."

'கொதிக்க விடாதடா' என்றது அக்காவின் குரல், காதுக்குப் பக்கத்தில். தன்னையறியாமல் கை அடுப்பைத் தணித்தது. தணித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கொட்டகை வாசலில் யாரும் இல்லை. சாயம் போடும்போது எப்போதும் அங்கே வந்து நின்று, கொதிக்க விடாதடா, கடுக்காய் போட்டுடாதடா என்று நச்சரிப்பாள். எனக்குத் தொழில் கத்துக்குடுக்க வந்துட்டியா என்று அவரும் எரிந்து விழுவார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கொதிக்க விட்டதில்லை. அவள் ஒரு தடவைகூடச் சொல்லாமல் இருந்ததில்லை.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக். சற்று நின்று மறுபடி டக், டக். வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பின்னல் ஊசிகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்காத நாள் கிடையாது. அது கேட்டுக்கொண்டிருந்தால் காதுக்கே தெரியாது, நின்றால்தான் தெரியும். நேற்று ராத்திரிவரை தெரியாமல் இருந்த சத்தம் இப்போது தெரிந்தது. அவர் கோலைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். சத்தம் நிற்கவில்லை. கொட்டகையை விட்டு இறங்கிக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தார்.

அத்தான் வாசல்கதவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். இரட்டைக் கதவு அது. ஒரு பக்கம்தான் எப்போதும் திறப்பார்கள், மற்றது தாழ்ப்பாள் போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தத் துருப்பிடித்த தாழ்ப்பாளைச் சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கதவும் திறந்தாத்தான் அவளை வெளிய கொண்டுபோக முடியும்" என்றார் திரும்பாமல். "ஒரு கதவுல போகாது. அளந்து பாத்துட்டேன்."

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். எது எந்தச் சந்தில் நுழையும், நுழையாது என்பது அவருக்கு அத்துப்படி. அத்தானின் முதுகைப் பார்க்கப் பார்க்கச் சிவப்புக்கையருக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. அதை விழுங்கிக்கொண்டு அண்டாவுக்குத் திரும்பினார்.

வெயில் கொல்லைச் சுவரைத் தாண்டிப் போயிருந்தது. தண்ணீர் தெளிய ஆரம்பித்துவிட்டது. துணி சிவப்பைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். அடுப்பை அணைத்து, கோலில் சுற்றித் துணியைத் தூக்கினார். கொட்டகைக்கு வெளியே இருந்த கொடியில், கீழ்ப்பக்கம் கீழாக வரும்படி விரித்துப் போட்டார். பின்னலில் கீழ்ப்பக்கம் எது என்று அவருக்குத் தெரியும், அக்கா எப்போதும் அடியிலிருந்து ஆரம்பித்து மேலே போவாள். தண்ணீர் கொட்டியது. மண் சிவந்தது. அவர் பின்னால் நகர்ந்து பார்த்தார்.

கதவு.

வெளிறிய சுவர். நடுவே சிவந்த கதவு, இரண்டு பக்கமும் இறுகச் சாத்தியது. பலகைக் கோடுகள் தெரிந்தன. கீழ் மூலையில், முன்பு வளர்த்த நாய் பிறாண்டி வைத்த வடுகூட இருந்தது. இந்த வீட்டு வாசல்கதவேதான். நாற்காலியில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் அவள் பார்த்துக்கொண்டிருந்த கதவு.

கண் மேலே போனது. கதவின் முக்கால் உயரத்தில் ஒரு கோடு. கத்தியால் கீறின மாதிரி நேரான கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே எல்லாம் மாறியிருந்தது. சுவர் சிவப்பு, கதவு வெளுப்பு.

முதலில் சாயம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தார். கிட்டே போய்த் தடவிப் பார்த்தார். அப்படியில்லை. கம்பளி இருக்க வேண்டிய இடத்தில் பருத்தி, பருத்தி இருக்க வேண்டிய இடத்தில் கம்பளி. ஒரு கண்ணிகூடத் தப்பாமல் மேலேவரை அப்படியே. நூல் மாறியிருக்கிறது. இல்லை, கூடை மாறியிருக்கிறது.

கூடையெல்லாம் கழுவிக் காயவச்சு அடுக்கினேன்.

இடது கூடை வலது பக்கம் போயிருக்கிறது, வலது கூடை இடது பக்கம். வீட்டைச் சுத்தம் பண்ணுகிற பெண்ணுக்குக் கூடை கூடைதான், நூல் நூல்தான். கண் தெரியாதவள், விரல் மரத்தவள், கை பழகிய பக்கம் போய் எடுத்துப் பின்னிக்கொண்டே போயிருக்கிறாள். இரண்டு வருஷ வேலை. கடைசி வேலை. சாத்திய கதவு ஒன்றைப் பின்ன நினைத்தவளுக்கு என்னவோ ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் செய்தது யார் என்று அந்தக் கோடு சொல்லிக்கொண்டு நின்றது. மகள் இதைப் பார்த்தால், அவளும் நூல் வீட்டில் பிறந்தவள், இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவாள். அம்மா செத்த அன்றைக்கு அது அவளுக்குத் தெரிய வேண்டுமா?

அலமாரியில் இரும்புத் தண்ணீர் ஜாடி இருந்தது. துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வருஷக்கணக்கில் ஊறுகிற தண்ணீர். கடுக்காய்த் தூளோடு அதில் இரண்டு கரண்டி சேர்த்தால் போதும், கம்பளி என்ன, பருத்தி என்ன, எல்லாம் ஒரே கறுப்பு. கதவும் இருக்காது, கோடும் இருக்காது. சாயம் கறுத்துப்போச்சும்மா, வயசாச்சு எனக்கு, பதம் தப்பிடுச்சு என்று சொல்லிவிடலாம். அவள் அதை அம்மா மேல் போர்த்திவிடுவாள். வண்டியோடு போய்விடும். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

கடுக்காய் டப்பாவைத் திறந்து அண்டாவில் ஒரு கை அள்ளிப் போட்டார். போட்டதும் வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஜாடியின் மூடியைத் திருகினார். துருவின் வாடை மூக்கில் ஏறியது. ரத்த வாடைக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

"மன்னிச்சுக்கோக்கா" என்றார். "பொண்ணு முக்கியம்."

ஜாடியைச் சாய்க்கப் போனபோது சட்டையில் அந்தப் பிசிறு கண்ணில் பட்டது. காலையில் உதட்டிலிருந்து எடுத்துத் தேய்த்தது. ஈரத்தில் சட்டையோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது.

அவர் கை நின்றது.

அக்கா புதுப் பந்து எடுக்கும்போதெல்லாம் நுனியைக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பாள். சின்ன வயதிலிருந்து அந்தப் பழக்கம். என்னக்கா, ருசி பாக்கறியா என்று அவர் கேலி செய்வார். உதட்டுக்குத் தெரியறது விரலுக்குத் தெரியாதுடா என்பாள். கம்பளி என்றால் மெல்லக் குத்தும், பருத்தி குத்தாது. மருந்து அவள் விரலைத்தான் மரக்கடித்தது. உதட்டை ஒன்றும் செய்யவில்லை. போன வாரம்கூட டீ சுடுகிறது என்று அத்தானிடம் சண்டை போட்டாள்.

நூலை எடுத்து உதட்டுல வச்சுப் பாத்தாங்க, தனக்குத் தானே சிரிச்சாங்க.

அந்தப் பெண் புகாராகச் சொன்ன வார்த்தை. அவள் கோபத்தில் அவருக்கு அது காதிலேயே ஏறவில்லை. வந்த அன்றைக்கே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. கூடையை மாற்றி வை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தானே குனிந்து இந்தக் கூடையை அந்தப் பக்கம் இழுத்துவிட்டிருக்கலாம். நாலு மாசம், ஒவ்வொரு பந்தையும் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, தப்பான கூடையிலிருந்தே எடுத்திருக்கிறாள். ஒரு கண்ணி தப்பினால் முழு வரிசையையும் பிரித்துவிட்டு மறுபடி போடுகிறவள்.

அவர் ஜாடியை மூடினார். அதைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

கூடத்துக்குப் போய் அக்கா மகளைக் கூப்பிட்டார். அவள் துணி தயாராகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கொல்லையில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். கொடியில் தொங்கியது காற்றில் மெல்ல ஆடியது, யாரோ அந்தப் பக்கம் நின்று தள்ளுகிற மாதிரி.

கீழிருந்து மேல்வரை பார்த்தாள். "நம்ம வாசக்கதவு" என்றாள்.

"ஆமா."

"நாய் பிறாண்டினதுகூட இருக்கு." கிட்டே போனாள். விரலை அந்தக் கோட்டில் வைத்தாள். "இங்க ஏன் மாமா மாறுது?"

"அது நீ வந்த அன்னைக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவருக்குச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"கூடையைக் கழுவி வச்சேன்னு சொன்னியே. பக்கம் மாறிடுச்சு. எடது பக்கம் கம்பளி இருக்கணும், வலதுல பருத்தி. நீ மாத்தி வச்சிட்டே."

"அப்ப நான் கெடுத்துட்டேனா?" என்றாள். குரல் வெளியே வரவேயில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"உதட்டுல வச்சுப் பாத்தான்னு சொன்னியே. அது எதுக்குன்னு நெனச்சே? கம்பளின்னா குத்தும். அவளுக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சும்மா. நீ மாத்தி வச்சே. அவ திருப்பி வைக்கல."

அவள் துணியைப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே இறுகச் சாத்திய கதவு. கோட்டுக்கு மேலே, திறந்த வாசல் வழியாக வெளிச்சம் வந்து நிற்கிற மாதிரி அந்த வெளுப்பு. அவள் அழவில்லை. துணியின் கீழ் ஓரத்தில் தேங்கி நின்ற நீரை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரல்களால் மெல்ல வழித்துவிட்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தக் கொல்லையில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே வேலை அதுதான். வழித்து முடித்தபோது அவள் கையும் சிவந்திருந்தது.

"பீரோவுல வெள்ளைப் போர்வை இருக்கு" என்றாள். "அதைப் போர்த்திடலாம் மாமா."

வண்டி வந்தது. அத்தான் தாழ்ப்பாளை ஒருவழியாகக் கழற்றியிருந்தார். இரண்டு கதவையும் திறந்தபோது கூடம் முழுக்க வெளிச்சம் வந்து, அக்காவின் காலி நாற்காலிவரை போய் விழுந்தது. அந்த இடம்வரை வெயில் வந்து அவர் பார்த்ததில்லை. தூக்கும்போது தலைப்பக்கம் அத்தான் பிடித்தார். கால்பக்கம் பிடிக்க முன்னால் வந்த சிவப்புக்கையரிடம் டீச்சர், கையைக் கழுவிக்கொண்டு வரக் கூடாதா என்று கேட்டார். கழுவினாலும் போகாதுங்க என்று அவர் சொன்னார். வெள்ளைப் போர்வையின் ஓரத்தில் அவருடைய விரல்கள் பதிந்தன. எதிர்ப்பக்கத்தில் அக்கா மகளின் விரல்களும் பதிந்தன. யாரும் அதைத் துடைக்கவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இரண்டு கதவும் போகும்போது விட்டபடியே விரியத் திறந்து கிடந்தன. அத்தான் உள்ளே வந்து, பழக்கத்தில் கதவைச் சாத்தக் கையை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அக்கா மகள் நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கூடையிலும் மிச்சப் பந்துகள் கிடந்தன, எல்லாம் வெள்ளை. இடது கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து நுனியைப் பிரித்துக் கீழுதட்டில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வலது கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

இரண்டு பந்தையும் எடுத்த கூடையிலேயே திரும்பப் போட்டாள். நிமிர்ந்தபோது அவள் உதட்டில் வெள்ளையாக ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்புக்கையர் பார்த்தார். அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.